கண்ணாடி போடாமல் அமுக்கிய பொத்தான்

ஜூன் 4

அன்புள்ள

இதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மாப்பிள்ளை என்று எழுதினால் உரிமையில்லாத இடத்தில் கை வைத்த மாதிரி இருக்கிறது. தம்பி என்றால் நேற்று கடைக்கு வந்த ஆளைக் கூப்பிடுவது போல இருக்கிறது. உங்களைப் பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, இந்த வயதில் இனிப் பழகவும் வராது. அதனால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எனக்கு அமைத்துக் கொடுத்த லேப்டாப் படுத்துவிட்டது. படுக்க வைத்தவன் நான்தான். கொஞ்ச நாளாகவே அது முக்கி முனகிக்கொண்டிருந்தது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுக் கீழே போய், கடை ஷட்டரைத் தூக்கி, ஷோகேஸ் எல்லாம் துடைத்து முடித்துவிட்டு மேலே வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் இங்கே இருந்தபோது சாப்பாட்டு மேஜையில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ், லினக்ஸ் என்று பேசுவீர்கள். நான் தலையாட்டுவேன். "பழைய மெஷினுக்கு அது மறுபிறவி, மாமா" என்பீர்கள். அதை நம்பி, வீடியோ பார்த்து, பென் டிரைவில் இறக்கி நானே போட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முடிந்தது, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று வந்தது. செய்தேன். அவ்வளவுதான். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி: நோ பூட்டபிள் டிவைஸ். எதை அமுக்கினாலும் அதே வரி அடுத்த வரியாக வந்து நிற்கிறது. பிடிவாதத்தில் நம் வீட்டுப் பெண்களையே மிஞ்சிவிட்டது.

பக்கத்து செல்போன் கடைக்காரரிடம் காட்டினேன். "சார், எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் அடிச்சிடலாம், பத்து நிமிஷ வேலை" என்றார். அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மெஷின் போனால் போகட்டும். உள்ளே இருந்தவை இருக்கின்றனவா, போய்விட்டனவா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்களிடம் போனில் பேசமாட்டேன், மெசேஜ் அனுப்பமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடிதத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. விலாசம் கோர்ட்டுக் காகிதத்தில் இருந்தது.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரன்

*

ஜூன் 12

மாமா,

சார் என்று ஆரம்பித்து ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். எனக்கு வேறு வார்த்தை தெரியாது. உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் காலியாக விட்டுவிடுகிறேன்.

தபால் பெட்டியில் உறையைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் நினைத்தேன். இந்த விலாசத்துக்கு வேறெதுவும் வந்ததில்லை. மாடிப்படியில் நின்று கையெழுத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பவர் சீட்டில் எழுதுகிற அதே எழுத்து.

உங்கள் லேப்டாப் சாகவில்லை. அந்த வரிக்கு அர்த்தம், எங்கிருந்து எழுந்திருப்பது என்று அதற்குத் தெரியவில்லை என்பதுதான். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஆகவே இப்போது ஒன்றே ஒன்று. பென் டிரைவ் இன்னும் லேப்டாப்பில் செருகித்தான் இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். என்ன வருகிறது என்று எழுதுங்கள்.

இன்னொரு கேள்வி. நிறுவும்போது நடுவில் ஒரு இடத்தில் அது உங்களிடம் கேட்டிருக்கும்: பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியதைப் போடட்டுமா, அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடட்டுமா என்று. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? உள்ளே இருப்பது பிழைத்ததா என்பது அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ஜூன் 18

அன்புள்ள

மாமா என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல்லைப் பார்க்கத்தான் உறையை நான் கத்தரிக்கோல் தேடாமல் பல்லால் கிழித்தேன்.

பென் டிரைவ் செருகித்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். அதே வரிதான் வருகிறது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

உங்கள் விதி எனக்குப் புதிதல்ல. நானும் அதைத்தான் செய்கிறேன். ஆளை உட்காரவைத்து, சட்டத்தில் ஒரு வில்லையைப் போட்டு, இது தெளிவா, இதற்கு முன்னால் போட்டது தெளிவா என்று கேட்கிறேன். இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவன் வியாபாரம் செய்வான், வைத்தியம் செய்யமாட்டான். அதனால் நீங்கள் மெதுவாகவே வாருங்கள், எனக்கு அவசரமில்லை.

கடையிலும் அவசரமில்லை. எதிர்வரிசையில் ஏசி போட்டு ஒரு பெரிய கண்ணாடிக் கடை வந்திருக்கிறது. அங்கே வாங்குகிறார்கள். திருகாணி கழன்றால் இங்கே வருகிறார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் எதிரே மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே படிப்பேன். மனப்பாடம் ஆகிவிட்டது. இனி என் கண் கெட்டாலும் எனக்கே தெரியப்போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குப் போனேன். வாய் தானாக "ரெண்டு டீ" என்று சொல்லிவிட்டது. கடைக்காரர் இரண்டை ஊற்றி வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டையும் நானே குடித்தேன்.

உங்கள் இன்னொரு கேள்வி. அது கேட்டது உண்மை. நான் பதில் சொன்னதும் உண்மை. என்ன பதில் சொன்னேன் என்பதில்தான் சிக்கல். அதைப் பிறகு எழுதுகிறேன்.

*

ஜூன் 27

மாமா,

அடுத்தது இது. லேப்டாப்பை ஆன் செய்த உடனே, கறுப்புத் திரை வருவதற்கு முன்பே, மேல் வரிசையில் இருக்கும் எஃப்-2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். நீலமாக ஒரு பக்கம் திறக்கும். அதில் பூட் என்று ஒரு தலைப்பு இருக்கும். அங்கே ஒரு வரிசை இருக்கும், எழுந்திருப்பதற்கு எதை முதலில் தேடுவது, எதை அடுத்துத் தேடுவது என்று. ஹார்ட் டிஸ்க் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மேலே கொண்டுவாருங்கள். எப்படி என்று அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே போட்டிருக்கும். எஃப்-10 அமுக்கிச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

நீங்கள் டீயைப் பற்றி எழுதியதைப் படித்தேன். இங்கே அறையில் ஒரே ஒரு நாற்காலி இருக்கிறது. துணி அதில்தான் கிடக்கிறது, அதனால் சாப்பாடு நின்றுகொண்டுதான். வேலை செய்யும் இடம் பெரிய கூடம். நூற்றுக்கணக்கான மெஷின்கள், அவற்றுக்குக் குளிரூட்ட மின்விசிறிகள், அந்த இரைச்சலில் யாரும் பேசிக்கொள்வதில்லை. எது படுத்தாலும் எழுப்பிவிடுவது என் வேலை. நன்றாகச் செய்கிறேன் என்று சொல்கிறார்கள். நீங்கள் போட்டுக்கொடுத்த கண்ணாடியின் ஒரு கால் உடைந்துவிட்டது, டேப் ஒட்டிச் சமாளிக்கிறேன். வேறு கடைக்குப் போகப் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன், கேட்காவிட்டால் அடுத்த கடிதம் எழுத வராது. கோர்ட்டில் கடைசி நாளன்று வராந்தாவில் நீங்கள் எனக்கு எதிரே வந்தீர்கள். நான் எழுந்து நின்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டீர்கள். அவளிடம் எனக்குக் கோபமில்லை. எங்களுக்குள் ஒத்துவரவில்லை, இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். உங்களோடு நான் என்ன சண்டை போட்டேன்?

*

ஜூலை 3

அன்புள்ள

நான் உங்களைப் பார்க்காமல் போகவில்லை. எனக்குக் கண் தெரியவில்லை. படி ஏறும்போதே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். என் பவர் உங்களுக்குத் தெரியும். கண்ணாடி இல்லையென்றால் எதிரே நிற்பது மனிதனா தூணா என்றுகூடத் தெரியாது. உங்கள் முகத்தை அந்த இடத்தில் பார்த்தால் எனக்குத் தாங்காது என்று தெரியும். அதனால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்த இன்னொரு கேள்விக்கும் இதேதான் பதில். சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு மறுமணம் முடிவாகியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். தெரியாமல் இருந்தால், இப்படிக் காகிதத்தில் சொல்ல நேர்ந்ததற்கு மன்னியுங்கள். அவள் வந்திருந்தபோது ஒன்று கேட்டாள். "அந்த லேப்டாப்ல இருக்கிற பழைய படத்தை எல்லாம் அழிச்சிடுங்கப்பா. புதுசா ஒருத்தர் வீட்டுக்கு வரப்போறார். அதெல்லாம் இருந்தா அவருக்கு மரியாதையா இருக்காது." நியாயமான பேச்சு. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

உட்கார்ந்தேன். ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தேன். ஒன்றையும் அழிக்கக் கை வரவில்லை. அப்போதுதான் இந்த யோசனை வந்தது. லினக்ஸ் போட்டால் பழையதெல்லாம் தானாகப் போய்விடும், நான் அழித்ததாகவும் ஆகாது. வேகம், மறுபிறவி என்று உங்களுக்கு எழுதியதெல்லாம் பாதி உண்மை. மீதி உண்மை இதுதான்.

அந்தக் கேள்வி திரையில் வந்தது. பக்கத்தில் வைத்துக்கொள்வதா, அழிப்பதா. அதையும் என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். திரை வெறும் வெளிச்சமாகிவிட்டது. கையில் பட்ட பொத்தானை அமுக்கினேன். என்டராகத்தான் இருக்க வேண்டும், பெரிதாக இருந்தது. அம்புக்குறிப் பொத்தான் எதையாவது முன்னால் தொட்டேனா என்றால் தெரியாது. மறுபடி கண்ணாடியைப் போட்டபோது வேலை ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தவும் பயமாக இருந்தது.

அழியட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அழிந்திருக்குமோ என்று நினைத்ததும் சோறு இறங்கவில்லை. உலகத்திலேயே இப்படி ஒரு பைத்தியக்காரன் இருக்கமாட்டான்.

நீங்கள் சொன்னபடி நீலப் பக்கம் போனேன். ஹார்ட் டிஸ்க் கடைசியில் பரிதாபமாக உட்கார்ந்திருந்தது. மேலே ஏற்றிவிட்டேன். பழைய வரி போய்விட்டது. இப்போது "க்ரப் ரெஸ்க்யூ" என்று வந்து, பக்கத்தில் ஒரு கோடு கண் சிமிட்டுகிறது. ரெஸ்க்யூ என்றால் காப்பாற்று என்றுதானே? யார் யாரைக் காப்பாற்றுவது?

*

ஆகஸ்ட் 2

மாமா,

பதில் தாமதம். வேலை அதிகம் என்று எழுதலாம். வேலை அதிகமில்லை.

எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். நல்லபடியாக நடக்கட்டும். இதை மனதாரச் சொல்ல ஒரு மாதம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் லேப்டாப். க்ரப் என்பது அதை எழுப்பிவிடும் நிரல், அது வழி தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். அந்தக் கேள்வி வரும்போது, நாம் எதையும் நகர்த்தாவிட்டால், பக்கத்தில் வைத்துக்கொள்வது என்பதுதான் தேர்வாகி நிற்கும். அழிப்பதற்கு நாமாக நகர்த்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் என்டரை மட்டும் அமுக்கியிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். வேறெதையாவது முன்னால் தொட்டிருந்தால் சொல்ல முடியாது.

பார்க்க ஒரு வழி இருக்கிறது. பென் டிரைவை மறுபடி செருகுங்கள். ஆன் செய்து எஃப்-12 தட்டுங்கள், பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவாமல் முயன்று பார்க்கலாம் என்று ஒரு வழி காட்டும், அதற்குள் போங்கள். கோப்புகளின் படம் ஒன்று ஓரத்தில் இருக்கும். திறந்தால் இடது பக்கம் டிஸ்க் தெரியும். பழையது உயிரோடு இருந்தால் அங்கே தெரியும். இல்லையென்றால் தெரியாது.

எதையும் மாற்ற வேண்டாம். பார்த்தால் போதும். இந்த முறை தயவுசெய்து கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள

உங்களிடமிருந்து கடிதம் வராத அந்த நாட்களில் தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்தே கையை விரிக்கப் பழகிவிட்டார். உங்கள் மனதை நோகடித்துவிட்டேன், இனி எழுதமாட்டீர்கள் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

கடிதம் வந்த பிறகும் உடனே பார்க்கவில்லை. பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுற்றினேன். பார்க்காத வரைக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாமே. நேற்று மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இருக்கிறது! அப்படியே இருக்கிறது. நீங்கள் பெயர் வைத்த கோப்புறைகள், "மாமா கடை கணக்கு", "மாமா தொடாதீர்கள்" எல்லாம் வரிசையாக நிற்கின்றன. நான் வாய்விட்டுச் சிரித்த சத்தம் கேட்டு செல்போன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், புது லேப்டாப்பா?" என்றார். பழசுதான் என்று சொன்னேன். அதற்கு ஏன் இந்த ஆள் இப்படிச் சிரிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே போனார்.

ஆனால் பென் டிரைவை எடுத்தால் மறுபடி அந்த ரெஸ்க்யூதான். அது தானாக எழுந்து நிற்க வழி சொல்லுங்கள்.

ஒன்று கேட்கலாமா? நம் வீட்டில் இருந்தபோது இதையெல்லாம் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவீர்கள். இந்த எஃப்-2, எஃப்-12 எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாமே?

*

ஆகஸ்ட் 17

மாமா,

எழுதியிருக்கலாம். ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும். லேப்டாப் ஓடியிருக்கும், நன்றி என்று நீங்கள் ஒரு கார்டு போட்டிருப்பீர்கள், அதோடு சரி. ஒரு நேரத்தில் ஒன்று என்பது உண்மையான விதிதான். ஆனால் நான் அதை விதிக்காகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

எனக்கு அப்பா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணம் முடிந்துபோனதைவிட, ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் கடை முக்காலியில் உட்கார இனி ஒரு காரணமும் கிடையாது என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்? மாமனாரை நினைத்து ஏங்குகிறேன் என்றால் சிரிப்பார்கள்.

தனித்தாளில் கட்டளைகளைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். பென் டிரைவ் வழியாக உள்ளே போய், டெர்மினல் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, எழுதியிருப்பதை வரி வரியாக அப்படியே தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு என்டர். தாளை மூன்று முறை சரிபார்த்தேன். இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் எழுதினாலே எழுத்து மங்குகிறது, தலைவலி வருகிறது. கூடத்தின் ஏசி குளிர்தான் காரணம்.

இது முடிந்தால் லேப்டாப் தானாக எழுந்துவிடும்.

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள

எழுந்துவிட்டது. தானாகவே.

ஆன் செய்தால் ஒரு பட்டியல் வருகிறது. மேலே புதியது, கீழே பழையது. பத்து வினாடி காத்திருக்கிறது. நாம் ஒன்றும் செய்யாவிட்டால் புதியதற்குப் போய்விடுகிறது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், சண்டையில்லாமல். கீழே இறங்கிப் பழையதற்குள் போனேன். படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

இப்போது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிவுத் திருமணம் அடுத்த மாதம் பத்தாம் தேதி. மகளுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் செய்துவிடுவேன்.

*

செப்டம்பர் 1

மாமா,

அழித்துவிடுங்கள்.

அவள் கேட்டது சரி. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். புது வாழ்க்கைக்குள் வருகிறவர் நம் பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் இடறி விழ வேண்டியதில்லை.

இந்த முறை எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுகிறேன். பழையதற்குள் போங்கள். படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறங்கள். கன்ட்ரோல் பொத்தானோடு ஏ சேர்த்து அமுக்கினால் எல்லாம் மொத்தமாகத் தேர்வாகும். டெலீட். உறுதியா என்று கேட்டால், ஆமாம். பிறகு முகப்பில் இருக்கும் குப்பைத் தொட்டியை வலது கிளிக் செய்து காலி செய்யுங்கள். அதற்குப் பிறகு தேடினாலும் கிடைக்காது. பட்டியலில் அந்தக் கீழ் வரி இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பத்து வினாடியில் தானாகப் புதியதற்குப் போய்விடும்.

இனி லேப்டாப்பில் வேறு கோளாறு வராது. வந்தாலும் செல்போன் கடைக்காரரே பார்த்துக்கொள்வார், நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆகவே எனக்கு எழுத வேண்டிய அவசியம் உங்களுக்கு இனி இருக்காது. அவளுக்குத் தெரிந்தால் உங்களுக்குத்தான் சங்கடம். இந்தக் கடிதங்களுக்காக நன்றி, மாமா. இவை வந்தபோதெல்லாம் நாற்காலியில் இருந்த துணியை எடுத்துவிட்டு, உட்கார்ந்து படித்தேன்.

*

செப்டம்பர் 20

அன்புள்ள

திருமணம் நல்லபடியாக முடிந்தது. அவர் அமைதியான மனிதர். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. வாசலில் நின்று "வாங்க மாப்பிள்ளை" என்றேன். நாக்கு ஒரு நொடி தடுக்கியது, பிறகு வந்துவிட்டது. ஆக, அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அதோடு சேர்ந்த "நீங்கள்" இருக்கிறதே, அது அந்தப் பதவிக்குக் கொடுத்த மரியாதை. பதவியில் இல்லாத ஆளுக்கு எதற்கு மரியாதை? இனி உனக்கு "நீ" தான். பிடிக்கவில்லை என்றால் சொல். ஆனால் மாற்றமாட்டேன்.

படங்களை அழித்துவிட்டேன். நீ சொன்ன மாதிரி மொத்தமாக அல்ல. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றாக. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். நீ என் கடை முக்காலியில், பவர் பார்க்கிற சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, வில்லைகளுக்குப் பின்னால் மாட்டுக்கண் வைத்துக்கொண்டு சிரிக்கிறாய். நான் பக்கத்தில் நின்று முறைக்கிறேன். எடுத்தது உன் அத்தை, அவள் உயிரோடு இருந்தபோது. ஓரத்தில் அவள் விரல் விழுந்திருக்கிறது. அதில் மகள் இல்லை. அதனால் அது என்னுடைய படம், யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மகளிடம் மறைக்கவும் இல்லை. புறப்படும் முன் டிக்கெட் எடுக்க லேப்டாப்பைத் திறந்தாள். பட்டியலைப் பார்த்தாள்.

"இதை யாருப்பா சரி பண்ணா? செத்துப் போச்சுன்னு சொன்னீங்க?"

சொன்னேன். போனில் பேசவில்லை, மெசேஜ் போடவில்லை, எல்லாம் கடிதத்தில்தான் என்றும் சொன்னேன். அதற்குள் பத்து வினாடி முடிந்து புதியது திறந்துகொண்டது. பிறகு டிக்கெட் எடுத்து, மூடிவைத்துவிட்டு, எழுந்து போகும்போது சொன்னாள், "லெட்டர் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையேப்பா." அவ்வளவுதான் சொன்னாள். வாசலில் என் கையை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தாள். இப்போது இரண்டு பேரும் அவர் வேலை செய்யும் ஊருக்குப் போய்விட்டார்கள். வீடு காலியாகக் கிடக்கிறது.

இனி எழுத அவசியம் இருக்காது என்று எழுதியிருக்கிறாய். அவசியத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். உன் கடிதங்களை எல்லாம் கடை மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்தேன். முதல் கடிதத்தில் எழுத்து கடுகு கடுகாக இருக்கிறது. கடைசியில் கொத்தமல்லி விதை அளவுக்கு வந்துவிட்டது. வரிகள் எல்லாம் வலது பக்கம் மேலே ஏறுகின்றன, உடைந்த கால் கொண்ட கண்ணாடிக்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டு எழுதுகிறாய். தலைவலி என்கிறாய். ஏசியும் இல்லை, குளிரும் இல்லை. நாற்பது நெருங்குகிறது, உன் பவர் மாறிவிட்டது. கண்ணைப் பற்றி எனக்கே கதை விடுகிறாயா?

சரிசெய்துவிடலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இடது கண்ணைக் கையால் மூடு, அழுத்தாதே. அந்த உடைந்த கண்ணாடியைப் போட்டுக்கொள். இந்தத் தாளைப் புத்தகம் படிக்கிற தூரத்தில் பிடி. கீழே நான்கு வரி எழுதியிருக்கிறேன், ஒன்றைவிட ஒன்று பொடியாக. கடைசி வரிக்குப் பூதக்கண்ணாடி வைத்து எழுதியிருக்கிறேன். எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று எழுது. பொய் சொல்லாதே. வலது கண்ணுக்கு மட்டும். இடது கண்ணைப் பற்றி இப்போது கேட்காதே. கடைசி வரி தெரியாவிட்டால் கவலைப்படாதே, நான் புதுக் கண்ணாடி அனுப்பிய பிறகு படித்துக்கொள்ளலாம். அது கெட்டுப்போகிற செய்தி இல்லை.

நாற்காலியில் துணி போடாதே.

வேளைக்குச் சாப்பிடு.

முக்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போ, இரண்டு டீ சொல்லி இரண்டையும் நானே குடித்து எனக்கு அலுத்துவிட்டது.